'நில்' என்று ரிப்போர்ட் வந்தால்: ஊசியா, மைக்ரோ ஆபரேஷனா?

சிவகாசி, சாத்தூர் பக்கம் கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லையென்றால் முதலில் ஸ்கேனுக்குப் போவது மனைவிதான். கணவனின் விந்துப் பரிசோதனை ரொம்பத் தாமதமாக வரும். அதில் விந்தணுவே இல்லை, 'நில்' என்று எழுதியிருந்தால், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி "விரையில் ஊசி போட்டு அணுவை எடுத்துடலாம்" என்கிறது. இன்னொன்று "மைக்ரோ டீசி பண்ணுங்க" என்கிறது, அதாவது விரையைத் திறந்து மைக்ரோஸ்கோப்பில் தேடும் ஆபரேஷன். செலவில் பெரிய வித்தியாசம். ஆனால் எது சரி என்பதை முடிவு செய்ய வேண்டியது அணு வராததன் காரணம்தான்.

முதலில் அந்த 'நில்' உறுதியாக வேண்டும். விந்தைச் சுழலியில் வேகமாகச் சுற்றி, அடியில் படிந்ததை மைக்ரோஸ்கோப்பில் தேடியிருக்கிறார்களா என்று லேபில் கேளுங்கள். இப்படி இரண்டு முறை பார்த்த பிறகே அடுத்த பேச்சு.

அடுத்தது டாக்டரின் விரல். விரைப்பையின் மேலே விந்துக்குழாய் பட்டாசுத் திரிபோல விரலுக்கிடையே உருள வேண்டும். இருபுறமும் அது தட்டுப்படவில்லை, விந்தின் அளவும் குறைவு என்றால், பிறவியிலேயே குழாய் இல்லை என்று சந்தேகிக்கலாம். கூடவே ரத்தத்தில் எஃப்எஸ்எச் ஹார்மோன், விரையின் நீளம். எஃப்எஸ்எச் 7.6க்குக் கீழே, விரை 4.6 செ.மீ.க்கு மேலே என்றால் பெரும்பாலும் உற்பத்தி சரி, வழியில்தான் அடைப்பு. இதற்கு நேர்மாறாக இருந்தால் உற்பத்தியிலேயே கோளாறு. எஃப்எஸ்எச் மிகவும் குறைந்திருந்தால் கதையே வேறு: மாதக்கணக்கில் ஹார்மோன் ஊசி போட்டாலே பலருக்கு அணு வரும், ஆபரேஷன் வேண்டியதில்லை. 'ஆண்மைக்கு' என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அணுவை நிறுத்துவதே அந்த ஊசியாக இருக்கலாம்.

பட்டாசு ஆலை வெயிலும் மருந்துத் தூளும்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். சூடு எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆனால் முழுப் பூஜ்யத்துக்குப் பின்னால் அடைப்போ, மரபணுவோ, சிறுவயதில் இறங்காத விரையோ, பொன்னுக்கு வீங்கியோ இருக்க வாய்ப்புண்டு. வேலையின் மீது பழி போட்டுவிட்டு டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடைப்பு என்றால் சாதாரண ஊசியே போதும். நூறில் தொண்ணூறு பேருக்கு மேல் அணு கிடைக்கும். இங்கே மைக்ரோ ஆபரேஷனுக்குக் கொடுப்பது வீண் செலவு. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர், மனைவிக்கு வயது குறைவு என்றால் குழாயைத் திரும்ப இணைப்பதையும் யோசிக்கலாம். பிறவியிலேயே குழாய் இல்லாதவர் மனைவியோடு சேர்ந்து சிஎஃப்டிஆர் மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டும். அத்தை மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. இருவரிடமும் அந்தக் குறை இருந்தால் குழந்தைக்கு நுரையீரலைத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரலாம்.

உற்பத்திக் கோளாறில்தான் தேர்வு கடினம். கத்தி வைக்குமுன் குரோமோசோம் டெஸ்டும் ஒய் மைக்ரோடெலிஷன் டெஸ்டும் கட்டாயம். ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் அணு கிடைக்க வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை, ஆபரேஷனே வேண்டாம். 'சி' மட்டும் இல்லையென்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கும், ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். கூடுதல் எக்ஸ் குரோமோசோம் (கிளைன்ஃபெல்டர்) உள்ளவர்களில் நூறில் நாற்பது, ஐம்பது பேருக்குக் கிடைக்கும். எஃப்எஸ்எச் ரொம்ப அதிகம் என்பதற்காக மட்டும் கைவிட வேண்டியதில்லை, அப்படிப்பட்டவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. விரைத் திசு ரிப்போர்ட் (பயாப்சி) இதைவிட நன்றாகச் சொல்லும். அதற்காகத் தனியாக ஒரு முறை அறுப்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. ஏற்கெனவே எடுத்த ரிப்போர்ட் இருந்தால் கொண்டு போங்கள்.

இவர்களுக்கு ஊசி பலவீனமான வழி. நியூயார்க்கின் பீட்டர் ஷ்லேகல் 1999இல் வெளியிட்ட மைக்ரோ முறையில், விரையைத் திறந்து, பெருக்கிப் பார்த்து, மெலிந்த குழல்களுக்கிடையே தடித்து வெளுத்திருப்பவற்றை மட்டும் எடுக்கிறார்கள். 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அணு கிடைக்கும் வாய்ப்பு மைக்ரோவுக்கு 52 சதவீதம், மைக்ரோஸ்கோப் இல்லாத சாதாரணத் திறப்புக்கு 35 என்றது. 2019இல் வந்த இன்னொன்று இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, சராசரி 47 என்றது. விரை சிறுத்திருந்தால் நான் மைக்ரோவின் பக்கம்தான்: எடுக்கும் திசு குறைவு, பின்னால் டெஸ்டோஸ்டிரோன் குறையும் அபாயமும் குறைவு. நாலு இடத்தில் ஊசி போட்டுப் பார்த்துக் காசைக் கரைப்பதைவிட, அனுபவமுள்ள ஒருவரிடம் ஒரே முறை செய்துகொள்ளலாம். அவரிடம் இதுவரை எத்தனை செய்தார், எத்தனையில் கிடைத்தது, லேபில் எவ்வளவு நேரம் தேடுவார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக, எப்போது? எடுத்த அணுவை லேபில் மனைவியின் முட்டையோடு சேர்க்க வேண்டும். முட்டை வளர்வதற்கான ஊசிகளை அவருக்குப் போட்டு முடித்த அன்றே கணவனைத் திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால், அந்த ஊசிச் செலவெல்லாம் போச்சு. மனைவிக்கு முப்பத்தைந்து தாண்டவில்லையென்றால் முதலில் எடுத்து உறையவைத்துக்கொள்வதே கைக்கு அடக்கம். உருகும்போது சில அணுக்கள் சாகும் என்பது உண்மைதான். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்கள் இதற்குத் தோது. ஒன்றும் கிடைக்காவிட்டால் தானம் பெற்ற அணுவா, தத்தா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே இருவரும் பேசிவிடுங்கள். 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி தம்பதியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மனைவிக்கு 50, கணவனுக்கு 55 வயது வரை மட்டுமே இந்தச் சிகிச்சை.