மைசூருக்கு மகாராஜா, மார்டள்ளிக்குக் கலெக்டர்

கேள்வி: தினமும் வரும் வினாடி-வினாவில், 'மைசூரை பிரிட்டிஷார் நேரடியாக ஆண்டார்களா?' என்று கேட்டார்கள். சரியான விடை என்ன?
– வாசகர், மார்டள்ளி

பதில்: மைசூருக்கு ஒரு விடை, மார்டள்ளிக்கு வேறு விடை.

1799-இல் திப்பு வீழ்ந்ததும் மைசூர் அரியணை உடையார் வம்சத்துக்குப் போனது. 1831-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் நிர்வாகத்தைப் பறித்தார். ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் கமிஷனர்கள் ஆட்சி. 1881-இல் மகாராஜாவிடம் நாடு திரும்பியபோது பிரிட்டனில் கிளாட்ஸ்டன் பிரதமர், இங்கே ரிப்பன் வைஸ்ராய்.

மார்டள்ளி இருந்த கொள்ளேகால் தாலுகாவோ சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மகாராஜாவுக்கு அங்கே வேலையே இல்லை, கலெக்டர் ராஜ்யம்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அது மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது.

அடுத்த முறை இதே கேள்வி வந்தால், எந்த ஆண்டு, எந்தத் தாலுகா என்று திருப்பிக் கேளுங்கள்.