பயிற்சியாளர் மாறினால் அணி மாறுமா?

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த கூடைப்பந்துப் போட்டியில் முதற் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய நாங்கள், கூடத்தைக் குறை கூறவில்லை. பயிற்சியாளரைக் குறை கூறினோம். மாலைதோறும் ஊதியமின்றி வந்து எங்களுக்குப் பயிற்சி தந்த அந்தப் பெரியவரை மாற்ற வேண்டும் என்று மனு எழுதினோம். அதில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். செய்தி அறிந்த அவர், மறுவாரமே வருவதை நிறுத்திக்கொண்டார்.

புதியவர் வந்தார். முதல் நாள் அவர் எங்களிடம், "பழைய பயிற்சியாளர் உங்களுக்குக் கற்றுத் தந்தது என்ன? அதை முதலில் ஆடிக் காட்டுங்கள்" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். குறைகளைப் பட்டியலிடத் தெரிந்த எங்களுக்கு, பெற்றுக்கொண்டதைச் சொல்லத் தெரியவில்லை. அன்று பிறந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம். பயிற்சியாளரை நீக்கிய பின் ஓர் அணியை எவ்வாறு மீண்டும் கட்டுவது என்பதை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து வரலாற்றில் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் என் மனத்தில் நின்றது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கதை.

வென்றவரை நீக்கிய விந்தை

அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. முழுப் பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடும். பின்னர் 16 அணிகள் முடிவுச் சுற்றுகளில் மோதும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணியே முன்னேறும்.

கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் நகரில் அந்நாளில் ஆடிவந்த வாரியர்ஸ் அணி, 1975-இல் வாகை சூடியபின் நெடுங்காலம் நலிந்து கிடந்தது. 2011-இல் மார்க் ஜாக்சன் அதன் தலைமைப் பயிற்சியாளரானார். முதற் பருவத்தில் 23 வெற்றிகள், அடுத்ததில் 47, மூன்றாவதில் 51. இப்படி ஏறுமுகத்தில் இருந்தவரைத்தான் 2014 மே 6-இல் நிர்வாகம் நீக்கியது. முதற் சுற்றில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று மூன்று நாள்களே ஆகியிருந்தன. நிர்வாகத்துக்கும் அவருக்கும் இடையே இணக்கம் குன்றியிருந்தது. துணைப் பயிற்சியாளர் இருவர் பருவத்தின் நடுவிலேயே அவர் குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். ஆயினும் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரான ஸ்டெபன் கரி, ஜாக்சனையே வெளிப்படையாக ஆதரித்தார்.

எனவே புதிதாய் வருபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தோல்வியுற்ற அணியை ஏற்பவருக்கு இழக்க ஒன்றுமில்லை. வென்றுகொண்டிருந்த அணியை, அதுவும் ஆட்டக்காரர்கள் விரும்பிய ஒருவரின் இடத்தில் அமர்ந்து ஏற்பவர், சற்றுச் சறுக்கினாலும் பழி அவரையே சேரும்.

முதலில் மனங்களைக் கட்டினார்

வந்தவர் ஸ்டீவ் கெர். ஆட்டக்காரராக ஐந்து முறை வாகை சூடிய அணிகளில் இருந்தவர். பில் ஜாக்சன், கிரெக் போபவிச் ஆகிய இரு பெரும் பயிற்சியாளர்களிடம் பாடம் கற்றவர். எனினும் அதற்கு முன் எந்த அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை.

அவர் முதலில் செய்தது என்ன? ஆட்டக்காரர்களைத் தேடிச் சென்றார். நடுக்கள ஆட்டக்காரர் ஆண்ட்ரூ போகட்டைக் காண ஆஸ்திரேலியா வரை பயணம் செய்தார். ஆணையிடுவதற்கு முன் கேட்டறிந்தார். ரான் ஆடம்ஸ், ஆல்வின் ஜென்ட்ரி போன்ற பழுத்த அனுபவசாலிகளைத் தமக்குத் துணையாக அமர்த்திக்கொண்டார். தமக்குத் தெரியாததை அறிந்தவரை அருகில் வைத்துக்கொள்வதும் தலைமைப் பண்பே அன்றோ!

காத்ததும் மாற்றியதும்

கெர் எதைக் காத்தார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. ஜாக்சன் காலத்தில் வாரியர்ஸின் தடுப்பாட்டம் சங்கத்தின் தலைசிறந்தவற்றுள் ஒன்றாய் வளர்ந்திருந்தது. கெர் அதன் அடித்தளத்தில் கை வைக்கவில்லை. ஆடம்ஸின் துணையோடு அதைக் கூர்மைப்படுத்தினார்; மறு பருவத்தில் அது முதலிடம் பெற்றது. அந்த அடித்தளத்தை இட்டவர் ஜாக்சனே என்பதை அவர் பலமுறை வெளிப்படையாகச் சொல்லவும் தயங்கவில்லை. முன்னவரைத் தாழ்த்தித்தான் தாம் உயர வேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

மாற்றியது தாக்குதல் ஆட்டத்தை. பழைய முறையில் ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு எதிரியைத் தனியே வெல்ல முயல, மற்ற நால்வரும் நின்று பார்ப்பது மிகுதி. 2013-14 பருவத்தில் பந்தைக் கைமாற்றுவதில் 30 அணிகளுள் வாரியர்ஸுக்கே கடைசி இடம். கரி, கிளே தாம்சன் போன்ற குறி தவறாத வீரர்கள் இருந்தும் இந்நிலை! கெர் பந்தையும் ஆட்களையும் ஓயாது இயங்க வைத்தார். பந்தை விட்டவர் நிற்காமல் வெட்டி ஓட வேண்டும். பந்தில்லாதவர் தோழனுக்காகத் தடுப்பு நிற்க வேண்டும். கூடையாக முடிந்த பந்தளிப்புகள் ஆட்டத்துக்கு 23.3 என்பதிலிருந்து 27.4 ஆக உயர்ந்து, சங்கத்தில் முதலிடம் பெற்றன.

தொடக்கத்தில் இடர்ப்பாடும் இருந்தது. புதிய முறையில் பந்தை எதிரிகளிடம் தவறவிடுவது மிகுந்தது. ஏழு ஆட்டங்களில் இரண்டில் தோல்வி. கெர் முறையைக் கைவிடவில்லை. வியக்கத்தக்க பந்தளிப்பு வேண்டாம், எளியதே போதும் என்று வற்புறுத்தினார். அதன்பின் தொடர்ந்து 16 வெற்றிகள்!

விட்டுக்கொடுத்தவர்கள்

அணியைக் கட்டுவது பயிற்சியாளர் ஒருவரால் ஆகுமா? ஆகாது. ஆண்ட்ரே இகுவடாலா அதுவரை தாம் ஆடிய 758 ஆட்டங்களிலும் தொடக்க ஐவருள் ஒருவராக இறங்கியவர். அவரை மாற்று ஆட்டக்காரராக வெளியே அமரச் சொன்னார் கெர். இளைஞரான ஹாரிசன் பார்ன்ஸ் அவ்விடம் பெற்றார். இகுவடாலாவுக்கு அது உவப்பாய் இருந்திராது, ஆயினும் ஏற்றார். அணியிலேயே மிகுந்த ஊதியம் பெற்ற டேவிட் லீ காயமுற்றபோது டிரேமண்ட் கிரீன் அவரிடத்தில் ஆடிச் சிறந்தார். லீ குணமாகி வந்தபோது தம் இடம் தமக்கில்லை என்பதைக் கண்டார். அவரும் அணியைக் குலைக்கவில்லை.

67 வெற்றி, 15 தோல்வி என்ற கணக்கோடு அணி 2015 இறுதித் தொடரை அடைந்தது. எதிரணி கிளீவ்லண்ட் கேவலியர்ஸ். மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது வாரியர்ஸ் 1-2 எனப் பின்தங்கியது. அப்போது உதவியாளர் நிக் யூரென் என்ற இளைஞர் ஒரு யோசனை சொன்னார்: உயரமான போகட்டை அமர்த்திவிட்டு இகுவடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கலாம் என்பது அது. இளையவர் சொல் என்று கெர் தள்ளவில்லை. நான்காவது ஆட்டத்தில் 103-82 என வெற்றி. அடுத்த இரண்டிலும் வெற்றி. 40 ஆண்டுகளுக்குப் பின் வாகை! இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு? பருவம் முழுதும் வெளியே அமர்ந்து தொடங்கிய அதே இகுவடாலாவுக்கு.

மறுபக்கம்

ஆய்வென்றால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். எதிரணியின் கெவின் லவ், கைரி இர்விங் இருவரும் காயத்தால் ஆட இயலாமற் போனது வாரியர்ஸின் நற்பேறு. மேலும், கரியும் தாம்சனும் கிரீனும் முன்னரே அணியில் இருந்தவர்கள்; கெர் கொண்டுவந்தவர்கள் அல்லர்.

வேறு அணிகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1981 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி பால் வெஸ்ட்ஹெட்டை நீக்கியது. பேட் ரைலி பொறுப்பேற்று 1982-இல் வாகை சூட வைத்தார். 2016 சனவரியில் கிளீவ்லண்ட் அணி, 30 வெற்றி 11 தோல்வி என்ற நிலையிலும் டேவிட் பிளாட்டை நீக்கியது. டைரன் லூ பொறுப்பேற்று அவ்வாண்டே வாகை பெற்றுத் தந்தார். ரைலியும் லூவும் நீக்கப்பட்டவர்களுக்குத் துணையாயிருந்தவர்கள். எதைக் காக்க வேண்டும் என்பதை உள்ளிருந்தே அறிந்தவர்கள். கெர் வெளியிலிருந்து வந்தவர். ஆதலால் அதைத் தேடிச் சென்று அறிந்துகொண்டார்.

நமக்குப் பாடம்

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆளைத் தெரிந்து பணியை ஒப்படைக்கும் அறிவு ஆட்சிக்கு மட்டுமன்று, ஆடுகளத்துக்கும் வேண்டும். பயிற்சியாளரை நீக்குவது ஒரு நாள் வேலை. ஒரு தாளும் சில கையெழுத்துகளும் போதும். அதன்பின் எஞ்சியிருப்பதை மதிப்பிட்டு, நல்லதைக் காத்து, பழுதை மட்டும் மாற்றி, அம்மாற்றத்துக்கு அனைவர் மனத்தையும் இசையச் செய்வதே அணியைக் கட்டுதல். நீக்கம் மட்டும் அணியைக் கட்டிவிடாது.

எங்கள் புதிய பயிற்சியாளரின் கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். இடக்கையால் பந்து தட்டவும், எறிந்த பந்து கூடையில் விழாதபோது உடனே திரும்பி ஓடித் தடுக்கவும் எங்களுக்குக் கற்றுத் தந்தவர் அந்தப் பெரியவர்தாம். இவ்வாண்டு நாங்கள் இரண்டு சுற்றுகள் வென்றோம். அவ்விரண்டிலும் எங்களைக் காத்தது அந்தத் திரும்பி ஓடும் பழக்கமே. வென்ற அன்று மாலை நாங்கள் சிலர் அவர் வீட்டுக்குச் சென்று அதைச் சொன்னோம். அவர் மனுவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "மூன்றாவது சுற்றில் எப்படித் தோற்றீர்கள்?" என்றுதான் கேட்டார்.