வகுப்பறையில் நகை

மாணாக்கரை அடக்குதற்குப் பிரம்பே துணையென்று ஆசிரியவுலகம் நெடுங்காலம் கருதிவந்தது. இலங்கைப் பாடசாலைகளில் உடற்றண்டனை ஆகாதெனக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிற் சுற்றுநிருபம் விடுத்தது. பிரம்பு நீங்கிய இடத்தில் ஏளனச்சொல் வந்தமராமற் காத்தல் நம் கடன். நகைச்சுவை வகுப்பை நடத்த உதவும் என்பதில் ஐயமில்லை. எந்நகை உதவும், எந்நகை கெடுக்கும் என்பதே ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிடத்துப் பிறக்கும் என்றார். எள்ளலாவது இகழ்ந்து நகுதல், இளமை பிள்ளைத்தன்மை, பேதைமை அறியாமை, மடன் கேட்டதை ஆராயாது நம்பிப் பற்றிக்கொள்ளுதல். பின்னைய மூன்றும் வகுப்பறையில் நாடோறும் காண்பவை. அவைபற்றி மாணாக்கரோடு கூடி நகுதலிற் குற்றமில்லை. அஞ்சத்தக்கது எள்ளல் ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இலக்கண வகுப்பில் ஒருவன் முன்னிருப்பவன் முதுகின்பின் மறைந்து பேசுகின்றான். ஆசிரியர், “தோன்றா எழுவாயே, எழுவாய்!” என்கிறார். இலக்கணச் சொல்லே ஏவலாகவும் நிற்பதுணர்ந்து வகுப்பு நகும்; பேசியவனும் நகைத்தபடி எழுவான்; பாடமும் பதியும். மற்றொருவன் ‘வாளைப்பழம்’ என எழுதினால், “இப்பழத்தைச் சந்தையில் தேடாதே, வலைவீசிப் பிடி” எனலாம். அங்கே நகைக்கப்படுவது பிழை, பிழைத்தவன் அல்லன்.

இனி, திக்கிப் பேசுவோனின் பேச்சையும், வறியவனின் கிழிந்த சட்டையையும், தந்தையின் தொழிலையும் சுட்டி நகைப்பின் வகுப்பு அடங்கும். ஆயின் அஃது அடக்கமன்று, அச்சம். அடுத்த முறை தம்மேல் விழுமோவென்று அஞ்சியே ஏனையோரும் நகைப்பர். இகழப்பட்டவனோ விடை தெரிந்தும் வாய் திறவான். ஆகவே, நகைத்தபின் அம்மாணாக்கன் மீண்டும் கையுயர்த்துவானா என்பதே உரைகல்லாகும்.

எள்ளலையும் நன்கு பயன்படுத்த ஒரு வழியுண்டு. ஆசிரியர் அதனைத் தம்மேல் ஏற்றிக்கொள்ளலாம். கரும்பலகையில் வரைந்த யானை பூனைபோலத் தோன்றின், பிள்ளைகள் நகுமுன் தாமே நகுக. அதனால் மதிப்புக் குறையாது; பிழைத்தல் இழிவன்றென மாணாக்கர் கற்பர்.

பழைய மாணவர் ஒன்றுகூடுமிடத்து ஆசிரியரின் நகைமொழிகளைச் சொல்லிச்சொல்லி மகிழ்வர். அவ்வேளை ஒருவர் மாத்திரம் தலைகவிழ்ந்திருப்பாராயின், அந்நகை எவ்வகைத்தென்பது அன்றுதான் விளங்கும். அதனை இன்றே எண்ணிப் பேசுதல் ஆசிரியர்க்கு அழகு.