மெழுகுவர்த்தி எரிதல்: பள்ளி ஆய்வுக்குரிய வினாவைத் தேர்ந்தெடுக்கும் முறை

கேரளத்துப் பள்ளிகளில் ஆண்டுதோறும் சாஸ்திரோத்ஸவம் நடைபெறுகிறது. பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்னும் படிகளில் மாணவரின் அறிவியல் முயற்சிகள் அங்கே மதிப்பிடப்படுகின்றன. திருவனந்தபுரத்தில் தமிழ் வழி பயிலும் சிறுவர்க்கு ஆய்வுப் பொருள் தேடித் தர வேண்டிய ஆசிரியர் மெழுகுவர்த்தியை அலட்சியம் செய்தலாகாது. சாலைக் கடைத்தெருவில் சொற்ப விலைக்கு அது கிடைக்கும். மலையாளத்தில் வழங்கும் ‘மெழுகுதிரி’ என்ற பெயர் நம்முடைய சொல்லைக் காட்டிலும் பொருத்தமானது என்பது எம் கருத்து. எரிவதற்கு வேண்டிய மெழுகு, திரி என்னும் இரண்டையும் அது சொல்லிவிடுகிறது.

1860-61ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில் இலண்டன் ராயல் நிலையத்தில் மைக்கேல் பாரடே சிறுவர்க்கு நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகளும் மெழுகுவர்த்தியைப் பற்றியவையே. எரிவது திட மெழுகன்று. உருகித் திரியில் ஏறி ஆவியாகும் மெழுகே எரிகிறது. வர்த்தியை அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், சுவாலை அப்புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். சிறுவர் இதைக் கண்டு வியப்பர். எனினும் இது செய்து காட்டுதலே அன்றி ஆய்வாகாது. விடை முன்னரே தெரிந்திருக்கிறது, அளப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆய்வுக்கு வேண்டுவது, ஒன்றை மாற்றினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்னும் வினா.

அத்தகைய வினா ஒன்று, நாம் நெடுங்காலமாகத் தவறாகக் கற்பித்துவரும் ஒரு சோதனையிலேயே அடங்கியிருக்கிறது. தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் வர்த்தியை நிறுத்தி, கண்ணாடிக் குவளையால் மூடினால் சுவாலை அணைந்து நீர் உள்ளே ஏறும். பிராணவாயு முழுதும் செலவாகி, காற்றில் அது இருந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தை நீர் நிரப்பியது என்று விளக்கம் கூறுவது வழக்கம். இவ்விளக்கம் பொருந்தாது. குவளைக் காற்றில் பிராணவாயு 21 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்குக் குறையும்போதே வர்த்தி அணைந்துவிடுகிறது. மேலும், செலவான பிராணவாயுவுக்கு ஈடாகக் கரியமில வாயு உண்டாகிறது. 25 கரியணுக்கள் கொண்ட பாரபின் மெழுகின் கணக்குப்படி, 38 பங்கு பிராணவாயு செலவானால் 25 பங்கு கரியமில வாயு வெளிவரும். உடன் உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராகிவிடுகிறது. ஆகவே 5 பங்கு செலவானாலும் உண்மையில் குறையும் கனஅளவு 2 பங்குக்கும் குறைவே. கரியமில வாயு நீரில் கரைந்துவிடாதா எனின், அந்தச் சில நிமிடங்களில் கரைவது சொற்பம்.

அவ்வாறாயின் நீர் இவ்வளவு ஏறுவது எதனால்? சுவாலையின் உஷ்ணத்தால் விரிந்த காற்றே பெரும்பாலும் காரணம். குவளையைக் கவிழ்க்கும்போது காற்றின் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சில வேளை விளிம்பின் அடியில் குமிழிகளாகவே அதனைக் காணலாம். சுவாலை அணைந்தபின் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது; நீர் ஏறுகிறது. வர்த்தி எரிந்துகொண்டிருக்கையில் நீர் அதிகம் நகராமல், அணைந்தவுடன் விரைந்து ஏறுவதை மாணவர் தாமே பார்க்கலாம்.

இனி வினாவை இவ்வாறு அமைக்கலாம்: அதே குவளையின் கீழ் ஒரு வர்த்திக்குப் பதிலாக இரண்டு, மூன்று வர்த்திகளை ஏற்றினால் நீர் எவ்வளவு ஏறும்? குவளையிலுள்ள பிராணவாயுவின் அளவு மாறவில்லை. பழைய விளக்கம் மெய்யானால் ஏற்றமும் மாறக் கூடாது. செய்து பார்த்தால் வர்த்திகள் கூடக்கூட நீர் உயரக் காணலாம். வர்த்திகள் யாவும் ஒரே நீளத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். குவளையின் வெளியே காகித அளவுகோல் ஒன்றை ஒட்டி, குவளை குளிர்ந்தபின் அளவு குறிக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து முறையாவது செய்து சராசரி காண்பது நலம். ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இடையே குவளையைத் துடைத்து உலர்த்திப் புதுக் காற்று நிரம்பவிடாவிட்டால் அளவுகள் கெடும். மின்விசிறியை நிறுத்தி, கடற்காற்று வரும் சன்னலையும் சாத்திவிட வேண்டும்.

இங்கு ஆசிரியரின் பொறுப்பு பெரிது. புத்தகம் ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லியிருக்க, தன் அளவு வேறாக வந்தால் மாணவன் பெரும்பாலும் எண்ணைத் திருத்தி எழுதிவிடுவான். மதிப்பெண் அளிப்பவரும் திருத்திய எண்ணையே சரியென்று கொண்டால், அவன் கற்பது விஞ்ஞானமாகாது. அவன் குறிப்பேட்டில் ஐந்து அளவுகளும் கண்டவாறே இருக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கை மெய்யாகவே காண விரும்புவோர்க்கு இரும்பு அரப்பொடி உதவும். சோதனைக் குழாயின் உட்புறத்தை நனைத்து, பொடியை ஒட்டச் செய்து, நீரில் தலைகீழாக நிறுத்திச் சில நாள் விடுக. இரும்பு துருப்பிடிக்கையில் பிராணவாயுவை மட்டும் கவர்கிறது. ஈடாக வேறு வாயு எதுவும் வெளிவருவதில்லை. நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறி நின்றுவிடும். வர்த்தியின் அளவுகளோடு இதையும் அருகருகே எழுதினால் ஆய்வு நிறைவு பெறும்.

எடைக் குறைவை அளக்கும் திட்டமும் உண்டு. ஆனால் சாதாரண வர்த்தி மணிக்குச் சில கிராம் மட்டுமே எரிவதால், ஒரு கிராம் வரை மட்டும் காட்டும் சமையலறைத் தராசில் பத்து நிமிடச் சோதனை பயன் தராது. ஆய்வுக்கூடத் தராசு கிடைத்தாலன்றி இதனை எடுக்க வேண்டாம்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அவ்வூரின் அருகே வாழும் சிறுவர், எடையற்ற வெளியில் வர்த்தி எரியுமா என்று கேட்பது இயல்பே. எரியும், 1992இல் கொலம்பியா விண்கலத்தில் எரித்துப் பார்த்தனர். சூடான காற்று மேலெழாததால் சுவாலை நீண்டு கூர்மையாகாமல், நீல நிற உருண்டையாகச் சிறுத்து நின்றது. நல்ல வினாதான், ஆயினும் பள்ளியில் எரியும் வர்த்தியை ஜாடியுடன் கீழே போட்டு இதைக் காண முயல்வதற்கு நாம் உடன்படோம். 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்குக் கிடைப்பது அரை வினாடி மட்டுமே. கண்ணாடியும் நெருப்பும் ஒருங்கே சிதறும் அபாயமும் உண்டு.