ஓர் எழுத்து குறைந்த ஹெடர்

கேள்வி: பிரவுசர் அனுப்பும் ‘ரெஃபரர்’ ஹெடரின் பெயரிலேயே எழுத்துப்பிழை இருக்கிறதாமே? எப்படி வந்தது, ஏன் இன்னும் திருத்தவில்லை?

பதில்: எந்தப் பக்கத்தில் இருந்த இணைப்பைச் சொடுக்கி ஒருவர் இங்கே வந்தார் என்பதை சர்வருக்குச் சொல்வது ரெஃபரர் ஹெடரின் வேலை. ஆங்கில அகராதிப்படி அந்தச் சொல்லின் நடுவே ‘ஆர்’ இரட்டிக்க வேண்டும்; எச்டிடிபி நெறிமுறையில் ஒன்றுதான் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது.

1990களின் தொடக்கத்தில் இந்த ஹெடரை முன்மொழிந்தவர் பிலிப் ஹாலம்-பேக்கர். அன்றைய யுனிக்ஸில் எழுத்துப்பிழை பார்க்கும் நிரலுக்கு இந்த இரண்டு வடிவமுமே தெரியாது என்று எச்டிடிபி ஆவணங்களை எழுதியவர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங் சொன்னதுண்டு. 1996 மே மாதம் எச்டிடிபி 1.0க்கான ஆர்எஃப்சி 1945 என்ற நெறிமுறை ஆவணம் வெளிவந்தபோது பிழையான பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் ஊறிவிட்டது. 1999இல் வந்த ஆர்எஃப்சி 2616, எழுத்துப்பிழைதான் என்று ஒப்புக்கொண்டு அப்படியே விட்டுவிட்டது.

காரணம் எளிது. ஹெடரின் பெயரை நிரல்கள் எழுத்தெழுத்தாக ஒப்பிடுகின்றன. பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்பதை மட்டும் பொருட்படுத்துவதில்லை. தெரியாத பெயர் வந்தால் சர்வர் முறையிடாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஓர் ‘ஆர்’ கூடியிருந்தால் பழைய சர்வர்களின் பதிவேடுகளில் அந்த இடம் சத்தமில்லாமல் காலியாகியிருக்கும்.

உண்மையான தொல்லை பின்னால் வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் இதே தகவலைத் தரும் ‘டாக்குமென்ட்.ரெஃபரர்’ அகராதிப்படி இரட்டை ‘ஆர்’ பெற்றது. இந்தத் தகவலை எவ்வளவு வெளியிடலாம் என்று வரையறுக்கும் ‘ரெஃபரர்-பாலிசி’ ஹெடரும் அப்படியே. ஆக, கட்டுப்படுத்தும் ஹெடருக்கு இரண்டு, கட்டுப்படும் ஹெடருக்கு ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே பிழை இருந்திருந்தால் நிரலாளர்கள் இவ்வளவு தடுமாறியிருக்க மாட்டார்கள்.

‘எக்ஸ்-’ முன்னொட்டின் கதையும் இதற்கு நெருங்கிய உறவு. சோதனைப் பெயர் என்று காட்ட அதைச் சேர்ப்பார்கள். பெயர் நிலைத்தபின் நீக்கிவிடலாம் என்பது எண்ணம். நீக்க முடிந்ததில்லை. ‘எக்ஸ்-ஜிசிப்’, ‘ஜிசிப்’ இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும்படி எச்டிடிபி எழுதிவைக்க வேண்டியதாயிற்று. 2012 ஜூனில் ஆர்எஃப்சி 6648, புதுப் பெயர்களுக்கு அந்த முன்னொட்டு வேண்டாம் என்றது. ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்ற ஹெடருக்கு 2014இல் ‘ஃபார்வர்டட்’ என்ற முறையான மாற்று கிடைத்தது. பழைய பெயரும் இன்றுவரை ஓய்வு பெறவில்லை.