கால் மரத்தால் காரணம் நீரிழிவு மட்டுமா?



"இரண்டு பாதமும் மரத்துக் கிடக்கு, பஞ்சுக்கு மேல நடக்கிற மாதிரி இருக்கு, கால் இழுத்துப் பிடிக்குது" என்று எமது பெரியவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். உடனே கிடைக்கும் பதில்களும் தெரிந்தவைதான்: "சீனி வருத்தமாய் இருக்கும்", "ஒக்லாந்துக் குளிர்", "வாதம், நல்லெண்ணெய் பூசுங்கோ". நீரிழிவு நரம்பைக் கெடுப்பது உண்மை. அதைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் மரப்பும் தசை இறுக்கமும் சேர்ந்து வந்தால் அதோடு நின்றுவிடக் கூடாது. மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளில் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி விற்றமின் பி12 பற்றியது. இம்முறை அதைப் படிப்போம்.

எமது முண்ணாணின் பின்பக்க நரம்பிழைகள், பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வை மூளைக்கு ஏற்றுகின்றன. பக்கவாட்டில் உள்ளவை மூளையின் கட்டளையைத் தசைகளுக்கு இறக்குகின்றன. மின்கம்பிக்கு இருப்பதுபோல இவற்றைச் சுற்றியும் ஓர் உறை உண்டு. பி12 குறைந்தால் அந்த உறை சிதைகிறது. முதலாவது கெட்டால் மரப்பும் தள்ளாட்டமும். இரண்டாவது கெட்டால் கால் இறுகி, நடை பாரமாகும். இரண்டும் சேர்ந்தே கெடுவதால் 1900ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர்கள் ரசல், பட்டன், கொலியர் மூவரும் இதற்குக் 'கூட்டுச் சிதைவு' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

வீட்டிலேயே தெரியும் அடையாளங்கள் சில உண்டு. செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுவது, சந்நிதியில் கண்மூடிக் கைகூப்பி நிற்கையில் உடல் ஆடுவது (பக்தி மேலீடு என்று நினைத்துவிடுவோம்!). கண் திறந்திருக்கும்வரை அது காலுக்குத் துணைபோகிறது. ஹில்ஸ்பரோவில் பல வீதிகள் மனுக்காவ் கடலை நோக்கிச் சரிந்தே போகின்றன. யூன் மாதத்தில் ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். அந்தச் சரிவில் இருட்டில் மட்டும் கால் தடுமாறுகிறது என்று ஒருவர் சொன்னால், கண்ணாடியை மாற்றுவதோடு விட்டுவிடாதீர்கள்.

இனி ஒரு பழைய கதை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1928இல் பம்பாய்க்கு வந்து, ஏழைக் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்தார். மார்மைட் கொடுக்க அது குணமாவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். ஆம், பாணுக்குப் பூசுகிறோமே, அதே பெயருடைய பசைதான் (இந்நாட்டுத் தயாரிப்பின் செய்முறை வேறு). அதிலிருந்த மருந்துப்பொருள் போலிக் அமிலம் என்று பின்னர் தெரிந்தது. 1940களில் அதையே பி12 குறைபாட்டால் வரும் இரத்தசோகைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் தேறியது, நரம்பு தேறவில்லை, சிலருக்கு மேலும் கெட்டது. 1948இல் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பிறகுதான் சரியான மருந்து கைக்கு வந்தது.

ஆகவே "இரத்தம் நல்லாய் இருக்கு" என்ற பதில் நரம்புக்குச் சான்று ஆகாது. 1988இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பி12 குறைவால் நரம்பு பாதிக்கப்பட்ட 141 பேரில் 40 பேருக்கு இரத்தசோகையே இருக்கவில்லை.

எமது ஈரல் பி12ஐச் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமித்து வைக்கிறது. அதனால் குறை மெதுவாகவே தலைகாட்டும். 1985இல் சனாரின் என்ற வைத்தியரும் சகாக்களும் லண்டன் ஹரோ பகுதியில் வாழ்ந்த மரக்கறி உண்ணும் இந்துக் குடும்பங்களில் இந்தக் குறைபாட்டை விரிவாக எழுதினார்கள். ஒக்லாந்திலும் பேராசிரியர் இலெய்ன் றஷ் குழுவினர் இந்தியச் சிறுமிகளையும் தாய்மாரையும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். பாலும் தயிரும் ஓரளவு பி12 தரும். வாயுத் தொல்லை என்று பாலை விட்டவர்களும், சோயாப் பாலுக்கு மாறியவர்களும் பெட்டியில் பி12 சேர்த்திருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். நீரிழிவுக்கு மெற்போமின் நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு மச்சம் சாப்பிட்டாலும் குறையலாம். இங்கேதான் இரண்டும் குழம்புகின்றன: மரப்புக்குச் சீனியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, சீனியின் மருந்து பி12ஐக் குறைத்திருக்கும். இளைஞர்கள் விளையாட்டாக உள்ளிழுக்கும் 'சிரிப்பூட்டும் வாயு'வும் உடலிலுள்ள பி12ஐச் செயலிழக்கச் செய்யும் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும்.

குடும்ப வைத்தியரிடம் பி12 இரத்தப் பரிசோதனையை வாய்விட்டுக் கேளுங்கள். இரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை தொடங்குங்கள். முந்தினால் முடிவு மயக்கம் தரும். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஊசி முதலில் அடுத்தடுத்தும், பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறையும் போடப்படும். சில மாத மரப்பு பெரும்பாலும் நீங்கும். ஆண்டுக்கணக்கில் விட்டது முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

இவ்வளவு நிதானம் எல்லா மரப்புக்கும் பொருந்தாது. திடீரென ஒரு பக்கம் மரத்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் உடனே 111ஐ அழையுங்கள். இருக்கும் இடம் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும், காலில் தொடங்கிய பலவீனம் சில நாட்களில் மேலேறினாலும் அன்றே மருத்துவமனை.

இன்னொன்று, சொல் பற்றியது. யாழ்ப்பாணத்தவர் "கால் விறைக்குது" என்றால் உணர்ச்சி இல்லை என்று பொருள். தமிழ்நாட்டவர் "விறைப்பு" என்றால் மடக்க முடியாத இறுக்கம். அப்பம்மாவுக்கு மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளை இதில் ஒன்றை மட்டும் சொன்னால் வைத்தியர் பாதி நோயைத்தான் கேட்பார். தேவைப்படும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது 1996 முதல் இந்நாட்டு நோயாளர் உரிமைகளில் உள்ளது. பிள்ளைகளே பேசுவதானால், தொட்டால் தெரிகிறதா, மடக்க முடிகிறதா என்று இரண்டையும் தனித்தனியே கேட்டு, எப்போது தொடங்கியது, ஒரு காலா இரு காலுமா என்று எழுதிக்கொண்டு போகட்டும்.