பழைய ஹப்பில் புதிய பிரேக் டிரம் பொருத்துதல்

கரும்பு வெட்டும் பருவம் தொடங்கியதும் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் டிராக்டர்களும் டிரெய்லர்களும் ஓய்வின்றி ஓடுகின்றன. திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கிப் பெரும் பாரத்துடன் அவை செல்லும் சாலைகளில்தான் நம் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்கின்றனர். ஆகவே, சக்கரமும் பிரேக்கும் செம்மையாக இருத்தல் வண்டி உரிமையாளரின் சொந்த விஷயம் மட்டுமன்று. ஊராரின் உயிர்ப் பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளது.

தேய்ந்த டிரம்மை மாற்றும்போது ஹப் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். டிரம்மையும் வீல் போல்ட்டுகளையும் மட்டும் வெளிச்சந்தையில் வாங்குகிறோம். வெளிச்சந்தைச் சாமான்கள் யாவும் தரம் குறைந்தவை அல்ல. ஆயினும், நல்ல டிரம்மும் நம் ஹப்புக்குப் பொருந்தாததாயின் தீங்கே விளைவிக்கும். எனவே, வாங்குமுன் பழைய டிரம்மையும் ஒரு போல்ட்டையும் கையோடு கொண்டு சென்று அளந்து பார்த்தல் நலம்.

டிரம்மில் அளக்க வேண்டியவை

முதலாவது, நடுத்துளை. இது ஹப்பின் கழுத்தில் ஆட்டமின்றி அமர வேண்டும். துளை 2 மில்லிமீட்டர் பெரிதாயின் டிரம் 1 மில்லிமீட்டர் வரை மையம் விலகக்கூடும். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பிடித்துப் பிடித்து விடும்.

இரண்டாவது, போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஆறு அல்லது எட்டுத் துளைகளாயின் எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே அளக்கலாம். ஐந்து துளைகளாயின் அடுத்தடுத்த இரு துளைகளின் மைய இடைவெளியை 1.7-ஆல் பெருக்குக. துளை சேரவில்லையென அரத்தால் ராவி அகலப்படுத்துதல் கூடவே கூடாது.

மூன்றாவது, போல்ட் செல்லும் இடத்தில் டிரம்மின் கனம். புதிய டிரம் 3 மில்லிமீட்டர் கூடுதல் கனமாயின், மரைக்குக் கிடைக்கும் போல்ட்டின் நீளம் அவ்வளவு குறையும். 1.5 மில்லிமீட்டர் புரியுள்ள போல்ட்டில் இது இரண்டு புரிகளின் இழப்பாகும். மரை முழுவதும் புரியில் ஏறி, போல்ட்டின் நுனி வெளியே தெரிய வேண்டும்.

போல்ட்டுகளைப் பற்றி

புரியின் அளவு மட்டும் ஒத்திருந்தால் போதாது. ஹப்பின் துளையைப் பற்றிக்கொள்ளும் வரிப்பகுதியின் விட்டமும் ஒத்திருக்க வேண்டும். அது சிறுத்திருந்தால், மரையை இறுக்கும்போது போல்ட்டும் சேர்ந்து சுழலும். மரையின் அடிப்புறம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் சக்கரத் துளைக்கு இசைய வேண்டும். சில பழைய வண்டிகளில் இடப்புறச் சக்கரங்களுக்கு இடப்புரி உண்டு என்பதும் நினைவிற்குரியது. வலிமை எண் பொறிக்கப்படாத சாதாரண இரும்பு போல்ட்டைச் சக்கரத்தில் ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

போல்ட் ஏன் முறிகிறது? நன்கு இறுக்கிய போல்ட் இழுத்த வில்போல் நின்று சக்கரத்தையும் டிரம்மையும் ஹப்போடு நெருக்கிப் பிடிக்கிறது. தளர்ந்தாலோ, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளைந்து நிமிர்ந்து, நாளடைவில் அலுத்து முறிகிறது. ஒன்று முறிந்திருந்தால் அதன் சுமையை ஏற்ற மற்றவையும் நைந்திருக்கும். அச்சக்கரத்தின் போல்ட்டுகள் அனைத்தையும் மாற்றுவதே அறிவுடைமை.

பொருத்தும் முறை

பழைய பிரேக் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அதில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம். ஹப்பின் முகத்திலுள்ள துருவையும் பழைய வர்ணத்தையும் சுரண்டி நீக்குக. அவை இடையே இருந்தால் பின்னர் நசுங்கி இறுக்கம் தளரும். புதிய டிரம்மின் உட்புறத்திலுள்ள துருத்தடுப்பு எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். போல்ட்டைச் சம்மட்டியால் அடிக்காமல் பிரஸ்ஸில் வைத்து நேராக அழுத்துக. மரைகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, இறுதியில் டார்க் ரெஞ்சு கொண்டு வண்டிக் கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்குக. முதல் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கத்தைச் சோதித்தல் இன்றியமையாதது. ஒரே அச்சின் இரு டிரம்களையும் சேர்த்து மாற்றினால் வண்டி ஒருபுறம் இழுக்காது.

ஊராட்சியின் பங்கு

வெர்னியர் அளவுகோலும் டார்க் ரெஞ்சும் ஒவ்வோர் உழவரும் தனித்தனியே வாங்கத் தேவையில்லை. ஊருக்கு ஒரு தொகுதி இருந்தால் போதும். அரைவைப் பருவத்திற்கு முன் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள டிரெய்லர்கள் அனைத்தையும் நல்ல மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்க ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். குடத்தையும் கடையாணியையும் பார்த்த பின்னரே வண்டி பூட்டியவர் நம் முன்னோர். அவ்வழக்கத்தை டிராக்டர் யுகத்திலும் நாம் கைவிடலாகாது.